ஒளிநாடாவும் ஓர் ஏடே

ஏடு என்று சொன்ன மாத்திரத்தே பனையோலை நம் மனக்கண்முன் தோன்றுகின்றது. எழுத்தாணி கொண்டு ஓலையிலே கீறப்பெற்றதே ஏடு என்பது நாம் வழிவழியாகக் கொண்ட வழக்கு. ஆயினும், ஓலை தாங்குவது. அதன்கண் நின்ற செய்தியே தாங்கப்படுவது. ஒருவர் சொன்னதையும் பாடியதையும் செய்ததையும் அவர் மறைந்த பின்னரும் பிறர் அறியுமாறு தாங்கி நிற்பது யாதோ, அஃது ஏடு என்னும் பெயருக்கு உரியதே.

இவ்வாறு நோக்கின், நம் வீடுகளில் அலுமாரியின் மேற்றட்டிலும் பழைய பெட்டிகளின் அடியிலும் தூசி படிந்து கிடக்கும் வீடியோ கசெற்றுகளையும் ஏடுகளின் வரிசையிலே வைத்தெண்ணல் தகும். இவற்றைக் கணினியின் துணைகொண்டு இறுவட்டுக்கு மாற்றிக் கொடுக்கும் கடைகள் சில இன்றும் நம் நகரங்களில் உள்ளன. பலரும் அதனைச் சட்டைக்குப் பொத்தான் தைப்பித்தல் போன்ற ஒரு சிறு கைவேலை என்றே கருதுகின்றனர். ஏடு பெயர்த்தெழுதுவார்க்கு எத்துணைக் கவனமும் நேர்மையும் வேண்டுமோ, அத்துணையும் இப்பணிக்கும் வேண்டும் என்பதை எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

நாடா வந்த வரலாறு

யப்பானிலே சோனி நிறுவனத்தார் 1975ஆம் ஆண்டிற் பீற்றாமக்ஸ் என்னும் ஒளிநாடாக் கருவியை வெளியிட்டனர். அடுத்த ஆண்டிலே, 1976இல், ஜே. வி. சி. நிறுவனத்தார் வி. எச். எஸ். என்னும் முறையை வெளியிட்டனர். இரண்டும் சில காலம் போட்டியிட்டன, ஈற்றில் வி. எச். எஸ். கசெற்றே உலகெங்கும் வீடுகளிற் புகுந்தது. நம் நாட்டிலே தொலைக்காட்சி 1979ஆம் ஆண்டு ஏப்பிரலிலே தொடங்கிற்று. ரூபவாகினி 1982 பெப்ரவரி 15இல் ஒளிபரப்பை ஆரம்பித்தது. அதனையொட்டியே மத்திய கிழக்கு நாடுகளுக்குத் தொழில் நாடிச் சென்றோர் திரும்பி வரும்போது தொலைக்காட்சிப் பெட்டியும் ‘டெக்’கும் கொண்டுவரலாயினர். ஊருக்கொரு டெக் என்ற நிலை மாறிச் சில ஆண்டுகளில் ஒழுங்கைக்கொரு டெக் என்றாயிற்று.

பின்னர்க் கமராவும் வந்தது. கலியாணம், சாமத்தியச் சடங்கு, புதுமனை புகுதல், கும்பாபிஷேகம், பாடசாலைப் பரிசளிப்பு, அந்தியேட்டி என நன்மையும் தின்மையுமாகிய நிகழ்ச்சிகள் அனைத்தும் நாடாவிற் பதியலாயின. யாழ்ப்பாணத்தில் 1990ஆம் ஆண்டின் பின் பல ஆண்டுகள் மின்சாரமின்றி இருந்தோம். அக்காலத்திலும் ஜெனரேற்றரை இரைய வைத்து, அதன் இரைச்சலையும் நாடாவிலே சேர்த்துப் பதிந்துகொண்டு, கலியாணப் படம் பிடித்தவர் நம்மவர். புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்குப் பெற்றோர் அனுப்பியதும், பெற்றோருக்குப் பிள்ளைகள் அனுப்பியதும் இந்நாடாவே. தாலி கட்டும் மகனைக் காணாத தாயும், தாயின் ஈமச் சடங்கிற் கொள்ளி வைக்க வரமாட்டாத மகனும், ஒருவரையொருவர் கண்டது இதன் வாயிலாகத்தான்.

ஆகவே இக்கசெற்றுகளில் உள்ளவை வெறும் வேடிக்கைப் படங்கள் அல்ல. வலிகாமம் வடக்கிலே 1990இல் விட்டு வந்த வீட்டின் முற்றம் ஒரு நாடாவில் இருக்கலாம். அவ்வீடு இன்று அத்திவாரமுமின்றிப் போயிருக்கலாம். காணாமற்போன பிள்ளையொருவன் பந்தலில் ஓடியாடிப் பரிமாறும் காட்சி மற்றொரு நாடாவில் இருக்கலாம். அவன் நடந்த நடையும் சிரித்த சிரிப்பும் வேறெங்கும் இல்லாதிருக்கலாம். புகைப்படம் முகத்தைத் தரும், குரலைத் தராது. நாடா இரண்டையும் தருகின்றது.

நாடா அழியும் வகை

கசெற்றின் உள்ளே இருப்பது அரை அங்குல அகலமுள்ள மெல்லிய நாடா. மூன்று மணி நேரக் கசெற்றொன்றில் ஏறத்தாழ 250 மீற்றர் நீளம் சுற்றப்பட்டிருக்கும். நாடாவின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கே. அது பொலியெஸ்ரர் என்னும் செயற்கைப் பொருளாலானது. அதன்மேல் இரும்பு ஒட்சைட்டு முதலிய காந்தத் துகள்களை ஒரு பசையிலே குழைத்துப் பூசியிருப்பர். டெக்கினுள்ளே சாய்வாக அமைந்த உருளையொன்று, நம் நாட்டு முறையில், நிமிடத்துக்கு 1,500 தரம் சுழலும். அவ்வுருளையிற் பொருந்திய நுண்ணிய தலைகள் நாடாவிலே சரிவான கோடுகளாகக் காந்தச் சுவட்டை எழுதும். பின்பு அச்சுவட்டையே வாசிக்கும். எழுத்தாணியும் எழுதுவோனும் வாசிப்போனும் ஆகிய மூவர் தொழிலையும் அவ்வுருளை ஒன்றே செய்கின்றது எனலாம்.

ஓலைக்குச் செல்லும் ஈரமும் பகை. நாடாவுக்கும் ஈரமே முதற்பகை. துகளைப் பிடித்து நிற்கும் பசை காற்றிலுள்ள நீர்த்தன்மையை உறிஞ்சி நாளடைவில் நைந்து பிசுபிசுக்கும். அத்தகைய நாடாவை ஓட்டினாற் பூச்சு உரிந்து தலைகளில் அப்பிக்கொள்ளும். உரிந்த இடத்திலிருந்த காட்சி மீளாது. மாரிகாலத்து ஈரத்திலே நாடாவின் ஓரத்திற் பூஞ்சணம் வெண்பொடியாகப் படர்தலும் உண்டு. இவற்றுக்கெல்லாம் தப்பினாலும், காந்தச் சுவடு காலத்தால் மெலிந்துகொண்டே வரும். நன்கு பேணிய நாடாவையும் இருபது முப்பது ஆண்டுகளுக்கு மேல் நம்பியிருத்தற்கில்லை என்பர் இத்துறை வல்லார். நம் கசெற்றுகளிற் பெரும்பாலானவற்றுக்கு அவ்வயது கடந்துவிட்டது.

நாடாவுக்கு முன் அதனை வாசிக்கும் பொறி மறைந்துவிடும் என்பது இன்னும் பெரிய அச்சம். சோனி நிறுவனத்தார் பீற்றாமக்ஸ் கருவி செய்வதை 2002இல் நிறுத்தினர். வி. எச். எஸ். டெக்கை இறுதிவரை செய்துவந்த யப்பானிய நிறுவனமாகிய பூனாய், உதிரிப் பாகங்கள் கிடைத்தல் அரிதாயிற்று என்று கூறி, 2016 யூலையில் அதனைக் கைவிட்டது. ஓலைச்சுவடியை வாசிக்கக் கண்ணும் பழக்கமும் போதும். நாடாவோ பொறியின்றி ஊமை. அவுஸ்திரேலியாவின் தேசிய திரைப்பட, ஒலிக் காப்பகத்தார், காந்த நாடாவில் உள்ளவற்றை 2025ஆம் ஆண்டுக்கு முன் பெயர்த்துக்கொள்ளாவிடிற் பெரும்பாலும் இழந்துவிடுவோம் என 2015இலேயே எச்சரித்தனர். அவர்கள் குறித்த எல்லையாண்டு வந்தும் விட்டது.

முன்னோர் காட்டிய வழி

இத்தகைய நெருக்கடி தமிழுக்குப் புதிதன்று. சிறுப்பிட்டியிலே 1832இற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், ஏடுகள் தம் கண்முன்னே பொடியாவதைக் கண்டு வருந்தி, அவற்றைத் தேடித் தொகுத்து அச்சேற்றுதலைத் தம் வாழ்நாட் பணியாக மேற்கொண்டார்கள். வீரசோழியம் 1881இலும், தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885இலும், கலித்தொகை 1887இலும் அவர்கள் முயற்சியால் அச்சில் வெளிவந்தன. பிள்ளையவர்கள் செய்தது ஒரு தாங்கியிலிருந்து மற்றொரு தாங்கிக்குப் பெயர்த்தலே. எனினும் அதனை அவர்கள் செய்த முறை நமக்குப் பாடமாக உள்ளது. கிடைத்த ஒரே ஏட்டை அப்படியே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு அமையாமற் பல ஏடுகளைத் தேடினார்கள், ஒப்புநோக்கினார்கள், விளங்காத இடத்தை விளங்காததென்று விட்டுவிடாது காத்தார்கள். வீட்டுக் கசெற்றைப் பெயர்ப்போருக்கும் இவையே விதிகள்.

இவ்விதியைக் கைவிட்டால் விளைவது யாது என்பதற்கு நாம் அறிந்த நிகழ்ச்சியொன்றைக் கூறலாம். ஓர் ஊரிலே 1988இல் நடந்த கலியாணத்தின் கசெற்று. வெளிநாட்டிலுள்ள பேரன் கேட்டானென்று அதனை ஒரு கடையிற் கொடுத்து இறுவட்டாக்கினர். பெயர்த்தவர் தம் தொழிலிற் கெட்டிக்காரர். மங்கலான பகுதிகளையும் ‘தேவையில்லாத’ பகுதிகளையும் நறுக்கி, இடையிடையே சினிமாப் பாட்டும் சேர்த்து, மூன்று மணி நேரத்தை ஒன்றரை மணி நேரமாக்கித் தந்தார். நறுக்கப்பட்டவற்றுள், பந்தி முடிந்தபின் கோடிப்புறத்திலே வெற்றிலைத் தட்டத்தைச் சூழ்ந்திருந்த கிழவிகள் பேசிய இருபது நிமிடமும் ஒன்று. யார் யாருக்கு எவ்வழியில் உறவு, எந்தக் காணி எவருக்குச் சீதனமாய்ப் போயிற்று, எந்தக் குடி எவ்வூரிலிருந்து வந்தது என்பனவற்றையெல்லாம் இன்று அவ்வூரில் எவரும் வழங்காத சொற்களால் அவர்கள் உரையாடியிருந்தனர். பேரன் பாட்டியின் குரலைக் கேட்டான், கொடுக்க இல்லை. இறுவட்டு வந்துவிட்டதே என்று பழங்கசெற்றைக் குப்பையோடு எரித்திருந்தனர்.

மணமக்களின் கோலம் ஆயிரம் வீட்டில் ஒன்றுபோலவே இருக்கும். அந்தக் கோடிப்புறத்துப் பேச்சு அவ்வொரு வீட்டிலே மாத்திரம் நிகழ்ந்தது. எது வேண்டும், எது வேண்டாம் என்பதை இன்றுள்ளவர் துணிதல் இயலாது. அதனைத் துணிய வேண்டியவர் இனிப் பிறக்க இருப்பவர். ஆதலாற் பெயர்ப்போன் முதற் கடமை ஒன்றையும் நறுக்காமையே. அழகுபடுத்திய சுருக்கம் வேண்டுமானால், முழுமையும் பெயர்த்த பின்பு வேறாகச் செய்துகொள்க.

பெயர்க்கும் முறை

முதலிலே செய்ய வேண்டியது நல்ல பிரதியைத் தேடுதல். கசெற்றிலிருந்து கசெற்றுக்குப் பிரதி எடுக்குந்தோறும் படம் மங்கும், நிறம் வழியும். நம் கையில் இருப்பது மூன்றாந் தலைமுறைப் பிரதியாக இருக்க, மூலப்பிரதி மாமன் வீட்டில் உறங்கலாம். ரொறன்ரோவிலோ லண்டனிலோ உள்ள உறவினரிடம் தெளிவான பிரதி இருக்கலாம். இங்கே ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். நம் நாட்டிலும் பிரித்தானியா, ஜேர்மனி முதலிய நாடுகளிலும் வழங்கியது ‘பால்’ என்னும் முறை. அதில் ஒரு படத்துக்கு 625 வரிகள், ஒரு செக்கனுக்கு 25 படங்கள். கனடாவில் வழங்கியது ‘என். ரி. எஸ். சி.’ முறை; அதில் 525 வரிகள், ஏறத்தாழ 30 படங்கள். பிரான்ஸிலே ‘செக்காம்’ முறை. வரிக்கணக்கு நம்முடையதே ஆயினும் நிறத்தை எழுதும் வகை வேறு. கனடாவிலிருந்து வந்த கசெற்றை இங்குள்ள சாதாரண டெக்கில் இட்டுப் படம் குழம்புவதைக் கண்டு, கசெற்றுப் பழுதென்று எறிந்துவிடுதல் தகாது. அதற்குரிய டெக்கைத் தேடுதல் வேண்டும்.

அடுத்துக் கசெற்றின் முதுகிலே இடப்பக்க ஓரத்திலுள்ள சிறு பிளாஸ்ரிக் தகட்டை ஒடித்துவிடுக. அஃது இல்லாத கசெற்றில் டெக் எழுதாது. கை தவறிப் பழையதை அழித்துவிடும் இடர் நீங்கும். வெண்பொடி படர்ந்த கசெற்றையும், பிசுபிசுத்து இழுபடும் கசெற்றையும் டெக்கில் இடாமல் வல்லாரிடம் ஒப்படைக்க. ஒரு பூஞ்சணக் கசெற்று டெக்கைக் கெடுக்கும். அந்த டெக் அடுத்து வரும் நல்ல கசெற்றையும் கெடுக்கும். குறையற்றதாகத் தோன்றுவதை ஒருமுறை இறுதிவரை ஓட்டி மீளச் சுற்றிய பின்பே பெயர்க்கத் தொடங்குக.

டெக்கின் பின்புறத்திலே மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிறத் துளைகள் உண்டு. மஞ்சள் படத்துக்கு, ஏனையவை ஒலிக்கு. அவற்றிலிருந்து செல்லும் கம்பிகளை ஒரு சிறு பெயர்ப்புக் கருவியிற் பொருத்தி, அக்கருவியைக் கணினியில் இணைப்பர். நாடாவிலிருந்து வரும் தொடர்ச்சியான மின்னலையை அக்கருவி எண்களாக்கிக் கணினிக்குக் கொடுக்கும். நாடா தளர்ந்திருந்தாற் படம் நெளியும். அந்நெளிவைச் சீராக்கும் துணைக்கருவியும் உண்டு. பால் முறையிலான படத்தைக் கிடையில் 720, நிலைக்குத்தில் 576 புள்ளிகளாகப் பதிந்துகொள்ளுதல் வழக்கம். மூன்று மணி நேரக் கசெற்றைப் பெயர்க்க மூன்று மணி நேரம் வேண்டும். குறுக்குவழி இல்லை. ஏடு எழுதுவோன் எழுத்தெழுத்தாக எழுதியவாறே இவரும் கணந்தோறும் உடனிருந்து பார்த்தல் வேண்டும்.

ஒலியிலே தனிக் கருத்து வேண்டும். முன்னைய கலியாணக் கசெற்றுகளில் இயல்பான ஒலியை அழித்துச் சினிமாப் பாட்டை ஏற்றும் வழக்கம் இருந்தது. ஆயினும் சில கசெற்றுகளில் ஒலி இரண்டிடத்திற் பதிந்திருக்கும்: நாடாவின் ஓரத்தில் ஒன்று, படத்தின் அடியிலே ஆழ்ந்து மற்றொன்று. அக்கசெற்றிலேயே பின்னர் ஏற்றிய பாட்டு ஓரத்து ஒலியை மாத்திரம் அழித்திருக்கக்கூடும். அவ்வாறாயின் ‘ஹை-பை’ டெக்கிலே ஓட்டினால் ஆழ்ந்து கிடந்த குரல்கள் மீண்டும் கேட்கும். இரண்டு ஒலியையும் கேட்டுப் பார்த்த பின்பே பெயர்த்தல் முறை.

இறுவட்டும் இறும்

இறுவட்டு என்னும் சொல்லை இறுகிய வட்டு என்று பொருள் கொள்ளலாம். அச்சொல்லை வினைத்தொகையாக விரித்தால், இற்ற வட்டு, இறுகின்ற வட்டு, இறும் வட்டு என்றும் வரும். இறுதலாவது முடிதல், கெடுதல். இரண்டாம் பொருளும் உண்மைக்கு மாறானதன்று. வீட்டிலே எழுதும் இறுவட்டில் செய்தியைத் தாங்குவது ஒருவகைச் சாயப்படலம். வெயிலும் வெப்பமும் அதனை வெளிறச் செய்யும். கீறலும் ஒட்டுத்தாளும் கெடுக்கும். மேலும், இப்பொழுது வரும் கணினிகள் பலவற்றில் இறுவட்டை வைக்கும் இடமே இல்லை. நாடாவின் கதை வட்டுக்கும் தொடங்கிவிட்டது.

இன்னொரு குறையும் உண்டு. சாதாரண டி. வி. டி. வட்டொன்று கொள்ளுவது 4.7 கிகாபைற்று. அதிற் பொருத்துதற்காகப் படத்தைச் சுருக்குவர்; சுருக்குந்தோறும் நுண்மை குறையும். டி. வி. முறையிற் பதிந்த ஒரு மணி நேரப் படமோ ஏறத்தாழ 13 கிகாபைற்று இடம் கொள்ளும். ஆகவே பெருங்கோப்பை முதலிற் கணினியின் வன்தட்டிற் பதிந்து காத்துக்கொண்டு, உறவினர்க்கு வழங்குதற்கு மாத்திரம் இறுவட்டைப் பயன்படுத்துக. மூன்று பிரதிகள், இருவகைத் தாங்கிகள், அவற்றுள் ஒன்று வேறோர் ஊரில் என்பது காப்பகத்தார் கைக்கொள்ளும் விதி.

இவ்விதியின் அருமையை நம்மினும் அறிந்தவர் யார்? யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ஆம் ஆண்டு யூன் முதலாந் திகதி இரவோடு எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. வேறோரிடத்திற் பிரதியிருந்த நூல் மீண்டது. பிரதியில்லாத ஏடு மீளவில்லை. 1995 ஒக்ரோபரிலே வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது கையிற் கொண்டவை தவிர மற்றவை வீட்டோடு கிடந்தன. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை கிழக்குக் கரையிலும் வடமராட்சியிலும் வீடுகளை வாரிச் சென்றபோது அவற்றிலிருந்த நாடாக்களும் சென்றன. ஒரே வீட்டில் ஒரே பிரதி என்பது காப்பாகாது.

பெயர்த்தவன் குறிப்பு

பண்டை நாளில் ஏடு எழுதி முடித்தோர், இறுதியிலே ஆண்டு, மாதம், திகதி, எழுதியவர் பெயர், யாருடைய ஏட்டைப் பார்த்து எழுதியது என்பனவற்றைக் குறித்து வைத்தனர். அவ்வொரு வரியினாலேயே பல நூல்களின் வரலாறு விளங்கிற்று. இக்காலத்துப் பெயர்ப்பிலே இல்லாதது அவ்வரியே. ‘வீடியோ 1’, ‘வீடியோ 2’ என்று பெயரிட்ட கோப்பினால் யாது பயன்? எந்த ஊர், எந்த ஆண்டு, யாருடைய சடங்கு, படத்தில் யார் யார், பெயர்த்தவர் யார், எப்போது என்பனவற்றை எழுதிக் கோப்போடு வைத்தல் வேண்டும். இதற்குக் கணினி உதவாது. வீட்டிலுள்ள முதியவரைத் திரையின் முன் இருத்தி, “இவர் யார்? அவர் யார்?” என்று கேட்டு எழுதுதலே வழி. நாடா இன்னும் ஐந்தாண்டு பொறுத்தாலும் பொறுக்கும். எண்பது வயது கடந்தவரின் நினைவு பொறுக்கும் என்பதற்கு உறுதியில்லை. பெயர் தெரியாத முகம் பாதி அழிந்த முகமே.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வீட்டு நாடா வீட்டாருக்குரியது. சிறுமியரின் சடங்கையும், துயர வீட்டில் நிலைகுலைந்து அழுதோரையும், அவர்தம் இசைவின்றி உலகறியப் பரப்புதல் அறமாகாது. காத்தல் வேறு, பரப்புதல் வேறு. கூத்து, கோயில் விழா, பாடசாலை நிகழ்ச்சி, அறிஞர் சொற்பொழிவு போன்ற பொதுப்பொருள்களை மாத்திரம் பொதுவிடத்திற் சேர்க்கலாம். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தார் நூல்களோடு ஒலி, ஒளி ஆவணங்களையும் தொகுத்து வருகின்றமை இவ்வகையிற் பெரிதும் போற்றத்தக்கது. பெயர்த்த பின்பும் மூலக்கசெற்றை எறியற்க. நாளை இதனினும் நன்றாக வாசிக்கும் வழி தோன்றலாம்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். வரும் விடுமுறையில் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலும் அயலிலும் உள்ள கசெற்றுகளின் பட்டியலொன்றை எழுதி வருமாறு பணியுங்கள். மேலுறையில் உள்ள குறிப்பு, நிகழ்ச்சி, ஆண்டு, கசெற்றின் நிலை ஆகிய நான்கும் போதும். தமிழ்ப் பாடத்துக்கு அதுவே நல்ல பயிற்சியுமாகும். பட்டியலைக் கொண்டு எது முதலிற் பெயர்க்கத் தக்கது எனத் தேர்ந்து, பழைய மாணவர் சங்கமோ சனசமூக நிலையமோ ஓடக்கூடிய டெக்கொன்றைத் தேடிப் பழுது பார்த்து வைத்துக்கொண்டால், ஓர் ஊரின் நாடாக்களை ஓராண்டிற் பெயர்த்துவிடலாம். ஏட்டுக்காக ஊரூராய் அலைந்த பெரியோரின் வழியில் வந்த நமக்கு, அடுத்த வீட்டு அலுமாரி வரை நடத்தல் அரிதன்று.